தொய்ந்த பின் ஸ்பிரிங்: ஒரு பட்டை சேர்த்தால் போதுமா?

கேள்வி, ஜனவரி 9

என் பிக்கப் பழையது. பாரம் இல்லாமலேயே பின்பக்கம் தாழ்ந்து நிற்கிறது. பாரம் ஏற்றினால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஆக்சில் மேலே உள்ள ரப்பரில் போய் மோதுகிறது. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய வளைந்த எஃகுப் பட்டைகளாலான பின் ஸ்பிரிங் வயதாகி வலுவிழந்துவிட்டது என்றும், இரண்டு பக்கமும் ஒவ்வொரு பட்டை கூடுதலாகச் சேர்த்தால் பழைய வலு திரும்பிவிடும் என்றும் மெக்கானிக் சொல்கிறார். இது சரிதானே?

ஜனவரி 9, இரவு

பாதி சரி. அந்தப் பாதியை மட்டும் நம்பிச் செலவு செய்தால், மீதிப் பாதி உங்கள் முதுகெலும்பில் தெரியும்.

எஃகு வயதாவதால் அதன் விறைப்பு குறைவதில்லை. வளைக்கும் விசையை எஃகு எவ்வளவு எதிர்க்கிறது என்பதைச் சொல்லும் எண்ணான மீள்தன்மைக் கெழு ஸ்பிரிங் எஃகுக்கு ஏறத்தாழ 200 கிகாபாஸ்கல். அது புதிய பட்டையிலும் இருபது ஆண்டு உழைத்த பட்டையிலும் ஒன்றுதான். ஒரு பட்டையின் விறைப்பைத் தீர்மானிப்பவை அந்தக் கெழுவும், பட்டையின் நீளம், அகலம், தடிமன் ஆகியவையும்தான். இவற்றில் எதுவும் மாறவில்லை என்றால் விறைப்பும் மாறியிருக்காது. மாறியிருப்பது வளைவு. அளவு மீறிய பாரமும், நாள்கணக்கில் இறக்காமல் விட்ட பாரமும், பள்ளங்களில் விழுந்த அடிகளும் சேர்ந்து பட்டைகளைச் சிறிது சிறிதாக நிரந்தரமாகவே நிமிர்த்திவிடுகின்றன. அதன் பிறகும் நூறு கிலோ ஏற்றினால் வண்டி முன்பு எவ்வளவு இறங்கியதோ ஏறக்குறைய அவ்வளவுதான் இறங்கும்; இறங்கத் தொடங்கும் இடம்தான் தாழ்ந்துவிட்டது.

இதற்கு இரண்டு விலக்குகள் உண்டு. பட்டை ஒன்று உடைந்திருந்தாலோ, துரு அரித்துத் தடிமன் குறைந்திருந்தாலோ விறைப்பு உண்மையாகவே குறைந்திருக்கும். அப்போது பேச்சு பட்டை சேர்ப்பதைப் பற்றியதே அல்ல.

ஆகவே முதலில் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது இது: வண்டி இழந்தது உயரத்தையா, அல்லது நீங்கள் ஏற்றும் பாரத்துக்கு முதலிலிருந்தே விறைப்பு போதாமல் இருந்ததா? இரண்டுக்கும் மருந்து வேறு.

ஜனவரி 10

அளக்காமல் எதையும் வாங்க வேண்டாம். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, இரண்டு பின் டயர்களிலும் ஒரே அளவு காற்று இருப்பதை உறுதிசெய்துகொண்டு, சக்கரத்தின் மையத்திலிருந்து மேலுள்ள மட்கார்டு விளிம்பு வரை அளக்கவும். தரையிலிருந்து அளந்தால் டயரின் தேய்மானமும் கணக்கில் நுழைந்துவிடும். மட்கார்டு எப்போதோ அடிபட்டு நெளிந்திருக்கக் கூடும் என்பதால், ஆக்சில் குழாயின் மேற்பரப்புக்கும் சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், ஆக்சில் போய் மோதும் பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் இடையே உள்ள வெளியையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். உண்மையில் பயன்படப் போவது அந்த எண்தான்.

பட்டை ஸ்பிரிங்கில் பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று உரசிக்கொண்டு நகர்வதால், வண்டி எப்போதும் ஒரே உயரத்தில் வந்து நிற்பதில்லை. பின்பக்கத்தைக் கீழே அழுத்தி மெதுவாக விட்டபின் ஓர் அளவும், மேலே தூக்கி மெதுவாக விட்டபின் ஓர் அளவும் எடுத்து, இரண்டின் சராசரியைக் கொள்ள வேண்டும். துருவேறிய செட்டில் (ஒரு பக்கத்துப் பட்டை அடுக்கு முழுவதையும் அப்படிச் சொல்வோம்) இந்த இரண்டு அளவுகளுக்கும் உள்ள வேறுபாடு வியக்கும்படி இருக்கும்.

இன்னொன்று: பாரமில்லாத பிக்கப்பின் பின்பக்கம் முன்பக்கத்தைவிடச் சற்று உயர்ந்து நிற்பதே பெரும்பாலும் அதன் இயல்பு. வெறும் வண்டி மட்டமாக நிற்கிறது என்று மகிழ்பவர் ஏற்கெனவே கொஞ்சம் தொய்ந்த ஸ்பிரிங்கைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

ஜனவரி 12

"விறைப்பைக் கூட்டினால் உயரமும் தானாக வந்துவிடாதா?" என்று ஒருவர் கேட்கிறார். கொஞ்சம் வரும். எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்ப்போம். எண்கள் எடுத்துக்காட்டுக்காக மட்டுமே.

ஒவ்வொரு ஸ்பிரிங்கின் விறைப்பும் மில்லிமீட்டருக்கு 40 நியூட்டன் என்று கொண்டால், இரண்டும் சேர்ந்து 80. வெறும் வண்டியில் பின் ஸ்பிரிங்குகள் தாங்கும் எடை 600 கிலோ என்றால் அவை 74 மி.மீ. அமுங்கும். பின் ஆக்சிலின் மேல் 400 கிலோ பாரம் வைத்தால் மொத்த அமுக்கம் 123 மி.மீ. ஆண்டுகள் செல்லச் செல்ல வளைவில் 50 மி.மீ. போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது வளைவைத் தொடாமல் விறைப்பை மட்டும் 25 சதவீதம் கூட்டுகிறோம். வெறும் வண்டியின் அமுக்கம் 74-லிருந்து 59 ஆகும். பாரத்தோடு 123-லிருந்து 98 ஆகும். இழந்த 50-இல் வெறும் வண்டிக்குத் திரும்பக் கிடைத்தது 15, பாரவண்டிக்கு 25. பழைய அளவிலேயே புதிய செட் போட்டிருந்தால் இரண்டு நிலையிலும் முழு 50-உம் கிடைத்திருக்கும், வண்டியும் துள்ளியிருக்காது. விறைப்பைக் கூட்டியதில் வெறும் வண்டியின் இயல்பான அதிர்வு விநாடிக்கு ஏறத்தாழ 1.8 முறையிலிருந்து 2 முறைக்கு மேல் போயிருக்கும். காகிதத்தில் இது சிறிய வேறுபாடு. கரடுமுரடான சாலையில் வெறும் வண்டியை ஓட்டிச் செல்பவருக்கு அப்படித் தோன்றாது.

கடையில் கிடைக்கும் கூடுதல் பட்டைகள் நல்ல வளைவோடு வருவதால் நடைமுறையில் உயரம் இந்தக் கணக்கைவிட அதிகமாகவே கூடும் என்பதும் உண்மை. ஆனால் அது எப்படிக் கூடுகிறது என்று கவனியுங்கள். நிமிர்ந்துபோன பழைய பட்டைகளைப் புதிய ஒற்றைப் பட்டை கீழிருந்து முட்டுக்கொடுத்துத் தூக்குகிறது. தன் பங்குக்கு மேல் அது எப்போதும் சுமக்கிறது.

ஜனவரி 13

ஷாக் அப்சார்பர் வண்டியைத் தாங்குவதில்லை. வாயு நிரப்பிய வகை சிறிதளவு மேலே தள்ளும். தொய்வுக்கு அது தீர்வாகாது. கசிந்துபோன ஷாக்கை மாற்றுங்கள், ஆனால் உயரத்துக்காக மாற்றாதீர்கள்.

ஜனவரி 18

என் வண்டியும் இதே நிலையில்தான் இருக்கிறது என்பதால், விடுமுறை நாளில் சேஸிஸுக்கு ஸ்டாண்டு கொடுத்து, ஆக்சிலைத் தொங்கவிட்டு, அடியில் படுத்துக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துப் பார்த்தேன். மேலிருந்து பார்த்தபோது தெரியாத பல அங்கே தெரிந்தன.

பட்டை நிமிரும்போது அதன் இரு முனைகளுக்கும் இடையிலான தூரம் கூடுவதால், ஸ்பிரிங்கின் பின்முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஆடும் இணைப்பான ஷாக்கிளின் கீழ்முனை பின்னோக்கித் தள்ளப்படும். என் வண்டியில் இடப்பக்க ஷாக்கிள் வலப்பக்கத்தைவிட நன்றாகவே பின்னால் சாய்ந்திருந்தது. அளவுகோல் இல்லாமலேயே தெரிந்தது. கண் புஷ்களில், அதாவது பட்டையின் முனை வளையங்களுக்குள் இருக்கும் ரப்பர் உறைகளில், ரப்பர் ஒரு பக்கமாகப் பிதுங்கி, உள்ளிருக்கும் இரும்புக் குழல் மையத்தை விட்டு விலகியிருந்தது. புஷ் இப்படிக் குலைந்தால் அதுவே சில மில்லிமீட்டர் உயரத்தைத் தின்றுவிடும். இரண்டாவது பட்டையின் அடிப்பக்கத்தில், அதற்குக் கீழுள்ள பட்டையின் நுனி அழுந்தும் இடத்தில், நகத்தை வைத்து இழுத்தால் தட்டுப்படுகிற அளவுக்குக் குறுக்கே ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அந்த இடத்துக்கு நேர் மேலே, பட்டையின் விளிம்பில், தலைமுடி அளவுக்கு மெல்லிய செம்பழுப்புக் கோடு ஒன்று. துணியால் துடைத்தேன், போயிற்று. வண்டியைக் கொஞ்சம் ஓட்டிவிட்டு வந்து பார்த்தபோது அதே இடத்தில் அதே கோடு. விரிசலுக்குள் உரசும் பரப்புகளிலிருந்து துருப்பொடி வெளியே கசிந்துகொண்டிருந்தது.

கேள்வி கேட்டவரும் இதே இடங்களைப் பார்க்க வேண்டும்: பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் துளைக்கு அருகில், ஒவ்வொரு பட்டையின் நுனியும் மேல் பட்டையில் அழுந்தும் இடத்தில், கண் வளையும் இடத்தில். விரிசல் கண்ட செட்டில் புதிய பட்டை எதையும் சேர்க்கக் கூடாது.

ஜனவரி 19

நேற்று எழுத விட்டுப்போனது. பல பிக்கப்புகளின் செட்டில் அடியில் நேராக, தடிமனாக ஒரு பட்டை இருக்கும். பாரம் ஏறி மற்றப் பட்டைகள் நிமிர்ந்த பிறகே அது வேலைக்கு வர வேண்டும். மேல் பட்டைகள் தொய்ந்துபோனால் வெறும் வண்டியிலேயே அவை அந்தத் தடிப் பட்டையின் மேல் உட்கார்ந்துவிடும். "ஸ்பிரிங் தொய்ந்துவிட்டது, ஆனாலும் வண்டி முன்பைவிடக் கடினமாகக் குலுக்குகிறதே" என்று குழம்புகிறவர்களுக்கு விடை பெரும்பாலும் இங்கேயோ, பம்ப் ஸ்டாப் ரப்பரிலோ இருக்கிறது. இவர்களிடம் போய் இன்னொரு பட்டை சேர்க்கச் சொல்வது கொடுமை.

ஜனவரி 26

பட்டைகளைக் கழற்றிப் பட்டறையில் கொடுத்து மீண்டும் வளைத்துக்கொள்ளலாமா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். செய்கிறார்கள்; குறைந்த செலவில் முடிகிறது; வெளியே வரும்போது வண்டி கம்பீரமாகவும் நிற்கிறது. எவ்வளவு காலம் நிற்கும் என்பதுதான் பிரச்சினை.

ஸ்பிரிங் பட்டைக்குரிய எஃகு, அதாவது 5160 போன்ற குரோமியம் எஃகோ சிலிக்கான்-மாங்கனீஸ் எஃகோ, 850 பாகை செல்சியஸ் அளவில் சூடேற்றி, எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்கி, பிறகு 400 முதல் 500 பாகை வரையிலான வெப்பத்தில் பதப்படுத்தப்பட்டு வருகிறது. அதன் மீள்வலிமை முழுவதும் அந்தப் பதத்தில்தான் இருக்கிறது. குளிர்நிலையில் சுத்தியலாலோ அழுத்த இயந்திரத்தாலோ வளைக்கும்போது, பாரம் வளைக்கும் திசைக்கு எதிர்த்திசையில் எஃகை நெகிழச் செய்கிறோம். அதனால் உள்ளே தங்கும் தகைவுகள், அதாவது எஃகுக்குள் நிற்கும் இழுப்பும் அழுத்தமும், அடுத்து வரும் பாரத்துக்குத் துணைபோகின்றன, பட்டை விரைவிலேயே மறுபடி நிமிர்கிறது. நல்ல தயாரிப்பாளர்கள் இதற்கு நேர்மாறாக, புதிய பட்டையைப் பாரத்தின் திசையிலேயே ஒருமுறை மிகையாக அழுத்திப் பதியவைத்து, எதிர்கால பாரத்தை எதிர்க்கும் தகைவுகளை உள்ளே விதைத்து அனுப்புகிறார்கள்.

சுத்தியல் தழும்பு தனியொரு தீங்கு. வழக்கமான பிக்கப் ஸ்பிரிங்கில் பாரம் ஏறும்போது இழுவிசைக்கு உள்ளாவது பட்டையின் மேற்பரப்பு, அதாவது குழிந்த பக்கம். அடிகள் விழுவதும் பெரும்பாலும் அதே பக்கத்தில்தான். களைப்பு விரிசல் தொடங்குவதற்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. சூடேற்றி வளைத்து, மறுபடி கடினமாக்காமலும் பதப்படுத்தாமலும் தருகிற பட்டறை என்றால் பேச்சே வேண்டாம். திரும்பி வருவது ஸ்பிரிங் அல்ல, வளைந்த இரும்பு. முழு வெப்பப் பதம் செய்யும் வசதியுள்ள இடம் என்றால் அது வேறு கதை. அப்படிப்பட்ட இடத்தில் செய்த வேலை நிலைக்கும்.

பிப்ரவரி 2

கேள்வி கேட்டவர் அளந்து எழுதியிருக்கிறார்: இரண்டு பக்கமும் சமமாகத் தாழ்ந்திருக்கின்றன, விரிசல் இல்லை, புஷ்கள் நன்றாக உள்ளன, ஆண்டு முழுவதும் வண்டியின் பாரத்தட்டில் நிரந்தரமாகக் கருவிப் பெட்டி ஒன்று இருக்கிறது, அதை இறக்கும் எண்ணமில்லை. இப்படிப்பட்ட வண்டிக்குப் பட்டை சேர்ப்பது நியாயமான தீர்வுதான். நிரந்தர எடை இருப்பதால் விறைப்பும் வேண்டும், உயரமும் வேண்டும். எனவே எப்படிச் சேர்ப்பது என்று எழுதுகிறேன்.

பட்டையின் விறைப்பு தடிமனின் மூன்றாம் படியோடு கூடுகிறது. 6 மி.மீ. பட்டைகளுக்கு நடுவே அதே நீளமும் அகலமும் கொண்ட 8 மி.மீ. பட்டை ஒன்றைச் செருகினால், அது ஒன்றே இரண்டுக்கும் மேற்பட்ட பழைய பட்டைகளுக்குச் சமம். அதே அளவு வளையும்போது அதில் எழும் தகைவும் மூன்றில் ஒரு பங்கு அதிகம். எனவே தடிமன் ஏற்கெனவே உள்ள பட்டைகளை ஒட்டியே இருக்கட்டும். குட்டையான தடிப் பட்டையைவிட நீளமான, மெல்லிய பட்டை நல்லது. குட்டைப் பட்டையின் நுனி எங்கே முடிகிறதோ அங்கே மேல் பட்டை திடீரென்று மடங்க வேண்டியிருக்கும். என் வண்டியில் விழுந்திருந்த பள்ளத்தின் காரணமும் அதுவே. நுனி சதுரமாக வெட்டப்படாமல் சரிவாகத் தீட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நீள வரிசையில் அது எங்கே பொருந்துமோ அங்கேதான் வைக்க வேண்டும்.

சென்டர் போல்ட்டைக் கழற்றும் முன் அதன் இரு பக்கமும் கனத்த சி கிளாம்ப் போட்டு இறுக்கிவிட வேண்டும். ஒவ்வொரு பட்டையும் தன் மேல் பட்டையைவிடச் சற்று அதிகமான வளைவோடு செய்யப்பட்டுள்ளதால், அடுக்கு முழுவதும் அழுத்தப்பட்ட நிலையில் இருக்கிறது. கிளாம்ப் இல்லாமல் நட்டை விடுவித்தால் அது சீறும். முகத்தை அடுக்குக்கு நேராக வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்யாதீர்கள். பழைய சென்டர் போல்ட்டை மீண்டும் பயன்படுத்தவும் வேண்டாம். புதிய அடுக்கின் உயரத்துக்கு அது எப்படியும் எட்டாது. புதிய போல்ட்டின் தலை, ஸ்பிரிங் உட்காரும் ஆக்சில் திண்டில் உள்ள குழிக்குள் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகே, ஸ்பிரிங்கை ஆக்சிலோடு சேர்த்து இறுக்கும் யூ போல்ட்டை மாட்ட வேண்டும்.

பிப்ரவரி 3

நேற்றைய குறிப்புக்கு ஓர் எல்லை உண்டு. அது பல பட்டைகள் ஒன்றோடொன்று முழுநீளமும் ஒட்டி அடுக்கப்பட்ட வழக்கமான செட்டுக்கு மட்டுமே பொருந்தும். நடுவில் தடித்தும் நுனிகளை நோக்கி மெலிந்தும் செல்லும் பரவளைவுப் பட்டைகள் உங்கள் வண்டியில் இருந்தால், அவை நடுவிலும் முனைகளிலும் மட்டுமே ஒன்றையொன்று தொடும்படி வடிவமைக்கப்பட்டவை. அவற்றின் நடுவே சாதாரணப் பட்டையைச் செருகினால் தொடக் கூடாத இடத்தில் தொட்டு, நல்ல பட்டையையும் கெடுக்கும். பக்கவாட்டில் நின்று பார்த்தால், பட்டைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரியும் செட் இந்த வகை.

பிப்ரவரி 11

மற்ற வழிகளைப் பற்றிக் கேட்டவர்களுக்கு.

ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே இரும்பு பிளாக் வைப்பது உயரம் தரும், வேறெதுவும் தராது. பிக்கப்பில் பட்டை ஸ்பிரிங் எடையைத் தாங்குவதோடு நிற்பதில்லை; ஆக்சிலை அதன் இடத்தில் பிடித்துவைப்பதும், முடுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் ஆக்சில் உருளாமல் தடுப்பதும் அதன் வேலைதான். பிளாக் உயர உயர அந்த முறுக்கத்துக்கு நெம்புகோல் நீள்கிறது. பட்டைகள் ஆங்கில 'எஸ்' வடிவில் நெளிகின்றன. உயரம் குறைந்த ஒற்றை பிளாக் பின்புறத்தில் பொறுத்துக்கொள்ளத்தக்கது. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவதும், முன் ஆக்சிலில் வைப்பதும் தற்கொலைக்குச் சமம்.

நீண்ட ஷாக்கிள் போட்டால், ஷாக்கிள் எவ்வளவு நீள்கிறதோ அதில் ஏறத்தாழப் பாதிதான் ஆக்சிலின் மேல் உயரமாகக் கிடைக்கும். ஏனெனில் ஸ்பிரிங்கின் ஒரு முனை மட்டுமே இறங்குகிறது. கூடவே ஆக்சில் சாய்ந்து அதன் முன்னால் நீட்டியிருக்கும் பினியன் மூக்கு மேல்நோக்கித் திரும்புவதால், கியர்பாக்ஸிலிருந்து அங்கே சுழற்சியைக் கொண்டுவரும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறுகிறது. இன்னொரு விஷயம்: சில வண்டிகளில் ஷாக்கிளின் சேஸிஸ் முனை கீழேயும் ஸ்பிரிங் முனை மேலேயும் இருக்கும். அங்கே நீண்ட ஷாக்கிள் வண்டியைத் தாழ்த்தும். வாங்குவதற்கு முன் ஒருமுறை குனிந்து பார்ப்பது இலவசம்.

காற்றுப் பைகள் பாரம் மாறிக்கொண்டே இருக்கும் வண்டிக்கு உண்மையிலேயே வசதியானவை. பாரம் இருக்கும்போது காற்றை ஏற்றலாம், இல்லாதபோது தயாரிப்பாளர் சொல்லும் குறைந்தபட்ச அழுத்தத்துக்கு இறக்கலாம். ஆனால் பட்டை ஸ்பிரிங் சேஸிஸின் இரண்டு இடங்களில் பகிர்ந்து கொடுத்த எடையில் ஒரு பங்கைப் பை நடுவில் ஒரே இடத்தில் கொடுக்கிறது. பின்பக்கம் வெகுதூரம் நீட்டிக்கொண்டிருக்கும் பாரத்தோடு கரடுமுரடான பாதையில் போகிற வண்டிகளில் சேஸிஸ் அந்த இடத்தில் வளையவோ விரிசல் விடவோ வாய்ப்புண்டு. தொய்ந்த பட்டையை மறைக்கப் பை போடுவது எனக்கு உடன்பாடில்லை. உடைந்த பட்டையும் அதற்குள் ஒளிந்துகொள்ளும்.

பிப்ரவரி 20

இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது, ஏனெனில் இது பிரேக் சம்பந்தப்பட்டது.

டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற பல பிக்கப்புகளில், குறிப்பாகப் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இல்லாத பழைய மாடல்களில், பின் ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு நீண்ட கம்பி ஓடும். அதன் மறுமுனை ஒரு வால்வில் சேரும். பின்பக்கம் தாழ்ந்திருந்தால் பாரம் இருக்கிறது என்று கொண்டு பின் பிரேக்குக்கு அதிக அழுத்தத்தை விடுவதும், உயர்ந்திருந்தால் வண்டி வெறுமையாக இருக்கிறது என்று கொண்டு அழுத்தத்தைக் குறைப்பதும் அந்த வால்வின் வேலை. அதற்குத் தெரிந்தது உயரம் மட்டுமே, எடை தெரியாது. நீங்கள் பட்டை சேர்த்தோ பிளாக் வைத்தோ பின்பக்கத்தை உயர்த்திவிட்டு அந்தக் கம்பியின் தாங்கியைச் சரிசெய்யாமல் விட்டால், முழு பாரத்தோடு போகும்போதும் வால்வு வெறும் வண்டி என்றே நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துக்கொண்டிருக்கும். முழுச் சுமையும் முன் பிரேக்கின் தலையில் விழும்.

தொய்ந்த வண்டியில் இதன் மறுபக்கம் நடக்கிறது: வெறும் வண்டியில் பின் பிரேக் தேவைக்கு மேல் வேலை செய்து, ஈரச் சாலையில் பின் சக்கரங்கள் முன்னதாகவே பூட்டிக்கொள்ளும். அசல் உயரத்துக்குத் திரும்புகிற புதிய செட்டில் இந்தச் சங்கடம் பெரும்பாலும் இல்லை என்பது அந்த வழிக்கு இன்னொரு ஆதரவு.

மார்ச் 4

என் வண்டிக்கு முடிவு எளிதாகிவிட்டது. விரிசல் கண்ட செட்டோடு பேரம் பேச ஒன்றுமில்லை என்பதால் இரண்டு பக்கமும் அசல் விறைப்பில் புதிய செட், புதிய புஷ்கள், புதிய யூ போல்ட்டுகள். ஒரு பக்கத்தை மட்டும் மாற்றும் யோசனை இருந்தது. புதிய வளைவும் பழைய வளைவும் ஒரே ஆக்சிலில் சேர்ந்தால் வண்டி ஒருக்களித்து நிற்கும் என்பதால் கைவிட்டேன். விறைப்பு மிக்க செட்டும் கிடைத்தது. நான் பெரும்பாலும் வெறும் வண்டியைத்தான் ஓட்டுகிறேன் என்பதை விற்பவரின் உற்சாகத்துக்கு நடுவே நினைவில் வைத்துக்கொள்வது சற்றுக் கடினமாகத்தான் இருந்தது.

வேலையில் நேரம் தின்றது பட்டை அல்ல, முன் கண்ணின் போல்ட். புஷ்ஷின் உள்குழலோடு அது துருவேறி ஒன்றாகிவிட்டிருந்தது. நட் கழன்ற பிறகும் போல்ட்டைத் திருப்பினால் குழலும் சேர்ந்து ரப்பருக்குள் சுழன்றது. ஊடுருவும் எண்ணெயை முந்தைய இரவே ஊற்றி வைத்தும் பயனில்லை. ஒரு பக்கத்தில் போல்ட்டுக்கு எதிரே எரிபொருள் டேங்க் இருந்ததால், அது அசைந்திருந்தாலும் வெளியே உருவ இடமில்லை. தீயைப் பக்கத்தில் கொண்டுபோகும் பேச்சுக்கே இடமில்லாததால், டேங்க்கை ஓரளவு இறக்கி, கண்ணுக்கும் தாங்கிக்கும் நடுவே ரம்பத்தை விட்டுக் கையால் அறுத்தேன். ஆகவே புதிய போல்ட்டுகளை முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்; புதியதைச் செருகும் முன் அதன் உடலில் துருத்தடுப்புப் பசையைத் தாராளமாகத் தடவுங்கள், ஆனால் மரையில் படாமல்.

இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் கழற்றக் கூடாது. ஒரு பக்கம் மாட்டியிருந்தால் ஆக்சில் ஓரளவேனும் தன் இடத்தில் நிற்கும். ஆக்சிலைக் கீழே இறக்கும்போது பிரேக் ஹோஸும் ஹேண்ட் பிரேக் கேபிளும் இழுபடுகின்றனவா என்று ஒரு கண் வைத்திருக்க வேண்டும்.

மார்ச் 5

முக்கியமானது. ரப்பர் புஷ் உள்ள கண் போல்ட்டுகளையும் ஷாக்கிள் போல்ட்டுகளையும் ஆக்சில் தொங்கும் நிலையில் இறுக்கி முடிக்காதீர்கள். அந்த நிலையில் இறுக்கினால் உள்குழல் அங்கேயே பிடித்துக்கொள்ளும். வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கியபடியே நிற்கும். அந்த முறுக்கம் வண்டியைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்துப் பொய் உயரம் காட்டும். பிறகு ரப்பர் கிழிந்ததும் உயரமும் போகும். போல்ட்டுகளைத் தளர்வாக மாட்டி, சக்கரங்கள் தரையில் நிற்க, வண்டியை நாலைந்து முறை அழுத்தி விட்டு, அதன்பின் தயாரிப்பாளர் தரும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும்.

யூ போல்ட்டின் நட்டுகளைச் சிறிது சிறிதாக, குறுக்காக மாற்றி மாற்றி இறுக்குங்கள். பழைய யூ போல்ட்டை மிச்சப்படுத்த நினைப்பவர்களுக்கு: அது ஒருமுறை நீண்டு இறுகியது, அதன் மரையும் நசுங்கியது. ஆக்சிலை உண்மையில் பிடித்திருப்பது அதன் அழுத்தம்தான். சென்டர் போல்ட் இடத்தைக் காட்டும் ஆள் மட்டுமே. யூ போல்ட் தளர்ந்தால் சென்டர் போல்ட் வெட்டுப்பட்டு, ஆக்சில் ஒரு பக்கம் பின்வாங்கி, வண்டி சாலையில் நண்டு போலக் கோணலாகப் போகத் தொடங்கும்.

மார்ச் 23

புதிய செட் சற்று இறங்கியிருக்கிறது, எதிர்பார்த்ததுதான். அடுக்கும் புஷ்களும் படியும் வரை இந்த இறக்கம் இருக்கும். அதை மீண்டும் தொய்வு என்று எண்ணிப் பதற வேண்டாம். யூ போல்ட் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்த்தேன். எல்லாமே கொஞ்சம் திரும்பின. சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் இதைச் செய்யாமல் விடுபவர்கள்தான் பின்னாளில் சென்டர் போல்ட்டைக் குறை சொல்கிறார்கள்.

ஏப்ரல் 7

விறைப்பு மிக்க செட் போட்டுவிட்டேன், இனிமேல் கூடுதலாகப் பாரம் ஏற்றலாம் என்று ஒருவர் மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறார். ஏற்ற முடியாது. வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையில் ஸ்பிரிங்கோடு ஆக்சில், சக்கர பேரிங், டயர், பிரேக், சேஸிஸ் ஆகியவற்றுக்கும் சமமான பங்குண்டு. அவற்றில் எதுவும் உங்கள் வண்டியில் மாறவில்லை. மாறியது ஒன்றுதான்: முன்பு பின்பக்கம் தாழ்ந்து "போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தது, இனி அது சொல்லாது. தயாரிப்புத் தகட்டில் உள்ள எண்ணே இன்னும் உங்கள் எண்.

ஏப்ரல் 21

கருவிப் பெட்டி வைத்திருக்கும், முதலில் கேள்வி கேட்ட நண்பர் பட்டை சேர்த்து முடித்துவிட்டார். உயரம் திருப்தியாம், ஆனால் வேகமெடுக்கும்போது தரைத்தளத்தில் ஓர் அதிர்வு வருகிறதாம். சக்கரச் சமநிலையைக் குறை சொல்லும் முன் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைப் பாருங்கள். வண்டியின் பின்பக்கம் உயர்ந்ததும் ஷாஃப்ட்டின் இரண்டு முனைக் கோணங்களும் மாறியிருக்கும். இரண்டு துண்டு ஷாஃப்ட் என்றால் நடு பேரிங் இருக்கும் இடத்திலும் கோணம் மாறியிருக்கும். கியர்பாக்ஸ் பக்கமும் பினியன் பக்கமும் கோணமானி வைத்து அளந்து, தேவைப்பட்டால் ஸ்பிரிங்குக்கும் ஆக்சில் திண்டுக்கும் நடுவே இரண்டு பாகை ஆப்பு வைத்துச் சரிசெய்யலாம். மென்மையான அலுமினிய ஆப்பு நசுங்கி யூ போல்ட்டைத் தளரவிடும். எஃகு ஆப்பாக வாங்குங்கள்.

அவருடைய ஷாக் அப்சார்பர்களையும் ஒருமுறை பார்க்க வேண்டும். உயர்ந்த வண்டியில் ஆக்சில் முழுதாகத் தொங்கும்போது பட்டைக்கு முன் ஷாக் நீண்டு முடிந்துவிட்டால், ஒவ்வொரு துள்ளலிலும் அதன் மேல் போல்ட்தான் ஆக்சிலைத் தாங்கிப் பிடிக்கும்.

மே 12

துருவைப் பற்றி இரண்டு வார்த்தை. பட்டைகளுக்கு நடுவே உருவாகும் துரு, எஃகைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு பட்டைகளைப் பிளக்கிறது. ஈரத்தையும் உப்பையும் பிடித்துவைக்கிறது. 2014-இல் டொயோட்டா நிறுவனம் 2005 முதல் 2011 வரையிலான டகோமா பிக்கப்புகளில் ஏறத்தாழ 6,90,000 வண்டிகளைத் திரும்ப அழைத்ததற்குக் காரணம், பின் பட்டைகள் தகைவாலும் அரிப்பாலும் முறிந்து அருகிலுள்ள பாகங்களில் இடிக்கக் கூடும் என்பதே. முறிந்த பட்டையின் முனை எட்டும் தொலைவில் எரிபொருள் டேங்க் இருக்கிறது என்பதை அடியில் படுத்துப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மே 13

"அப்படியானால் கிரீஸ் தடவிவிடலாமே" என்ற கேள்விக்கு: பட்டை நுனிகளில் பிளாஸ்டிக் அல்லது ரப்பர் பட்டிகள் உள்ள செட்டில் பெட்ரோலிய கிரீஸ் வேண்டாம், அவை ஊதிக் கெடும். பட்டிகள் இல்லாத பழைய செட்டில் கிரீஸ் உரசலைக் குறைக்கும், உண்மைதான். ஆனால் மண்துகளைப் பிடித்து அரைக்கும் பசையாகவும் ஆகும். உரசல் குறைந்தால் ஷாக்கின் வேலையும் கூடும். பட்டைகளைப் பிரித்த சமயத்திலேயே துருவை நீக்கி, கிராஃபைட் கலந்த வண்ணமோ உலர்ந்த மசகோ பூசிப் பூட்டுவது இதைவிட மேல். வெளியே வண்ணம் அடிக்கும்போது விளிம்புகளையும் நுனிகளையும் விட்டுவிடாதீர்கள். சென்டர் போல்ட்டைச் சுற்றித் தார் போலக் கெட்டியாக எதையும் அப்பவும் வேண்டாம், அடுத்த முறை விரிசலைத் தேடுகிறவருக்கு அந்த இடம் தெரிய வேண்டும்.